பழ டிரெஸ்ஸிங் ஊற்றிய சைவ சாலட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்தால், தைப்பூச விரதம் நெருங்கினால், தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்குப் பட்டியல் போட்டால், இதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கோலாலம்பூர், பினாங்கு பாசார்களில் கிடைக்கும் பொருளை வைத்தே பதில் எழுதியிருக்கிறோம். அளவு எல்லாம் தலைதட்டிய கரண்டிக் கணக்கு: மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. வெறும் கரண்டி என்றால் மேசைக்கரண்டி.

முதல் தடவை செய்யறேன். எந்தப் பழத்துல ஆரம்பிக்கலாம்?

மாம்பழம். அரைத்தால் தானே கெட்டியாகும், எண்ணெயும் புளிப்பும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும், தயிர் சேர்த்தாலும் சண்டை போடாது. சொக் அனான் வகை போதும். பெர்லிஸ் ஹாருமானிஸ் கிடைக்கும் மாதங்களில் அதைப் பிளெண்டரில் போட வேண்டாம். அந்த விலைக்கும் மணத்துக்கும் அதை அப்படியே நறுக்கித் தின்பதுதான் நியாயம்.

நாலு பேருக்கு அளவு: பழுத்த மாம்பழச் சதை 200 கிராம் (நடுத்தரப் பழம் ஒன்று), லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) சாறு 3 மேசைக்கரண்டி (8 முதல் 10 காய்), எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, துருவிய இஞ்சி அரை தேக்கரண்டி, விதை நீக்கிய சிலி பாடி (காரமான சின்ன மிளகாய்) ஒன்று. எண்ணெயைத் தவிர மற்றதை மழமழவென்று அரைத்துவிட்டு, கடைசியில் எண்ணெயை நூல் மாதிரி விட்டுக் கலக்குங்கள். ஒரு கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக, 280 மில்லி அளவில் வரும். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். பிளேடு சுற்றவில்லை என்றால் லிமாவ் சாற்றை இன்னும் ஒரு கரண்டி விடுங்கள்.

கடையில் விற்கும் டிரெஸ்ஸிங்கில் எண்ணெய் 3 பங்கு, புளிப்பு 1 பங்கு என்று படித்தவர்கள் இங்கே சமமாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள். அது வெறும் வினிகரும் எண்ணெயும் கலப்பதற்கான கணக்கு. இங்கே பழச்சதையே புளிப்பை அடக்கி, கெட்டித்தன்மையும் கொடுத்துவிடுகிறது. அதனால் எண்ணெய் அவ்வளவு தேவையில்லை.

சாலட்டுல என்னென்ன காய் போடணும்? கீரை மட்டும்னா வீட்டுல யாரும் தொட மாட்டாங்க.

கேமரன் மலை ரோமேன் கீரை 200 கிராம், செங்குவாங் (ஜிக்காமா கிழங்கு) 150 கிராம், வெள்ளரிக்காய் ஒன்று, கேரட் ஒன்று, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப், வறுத்து உடைத்த நிலக்கடலை கைப்பிடி. இதில் செங்குவாங்தான் முக்கியம் என்போம். ரோஜாக்கில் (காயும் பழமும் கலந்த சாலட்) அது இருக்கும் காரணமே இங்கேயும்: நறுக்கி நேரமானாலும் மொறுமொறுப்பு போகாது, இனிப்பும் அடக்கம். தீக்குச்சி மாதிரி நீளமாக நறுக்கினால் டிரெஸ்ஸிங் ஒட்டிக்கொள்ளும். கட்டம் கட்டமாக நறுக்கினால் எல்லாம் கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும்.

வயிறு நிறைய வேண்டும் என்றால் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சேர்க்கலாம். மெல்லிய துண்டுகளாக்கி 10 நிமிடம் ஆவியில் வைத்து, ஈரம் துடைத்து, பொரியுங்கள். ஆவியில் வைத்தால் அந்த லேசான கசப்பு குறையும். பரிமாறும்போது மேலே தூவ வேண்டும், கலந்து வைக்கக்கூடாது. கிடைத்தால் வல்லாரை, உலாம் ராஜா, சிறகு அவரை எல்லாம் போடலாம். புங்கா கந்தான் (ஒரு வகை இஞ்சிப் பூ) மொட்டு ஒன்றை எடுத்து, முடி மாதிரி மெல்லியதாகச் சீவி ஒரு தேக்கரண்டி போட்டால் பினாங்கு வாசம் வந்துவிடும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசம்.

கொண்டைக்கடலை டின்னுல வாங்கினா பரவாயில்லையா?

பரவாயில்லை. நன்றாக அலசி, உப்புத் தண்ணீரை வடித்துவிடுங்கள். வீட்டில் வேகவைத்தால் ஒரு லாபம் உண்டு: வடித்த சூட்டிலேயே டிரெஸ்ஸிங் ஒரு மேசைக்கரண்டி விட்டுப் புரட்டி ஆறவையுங்கள். சூடாக இருக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆறிய பிறகு ஊற்றினால் தோலிலேயே வழுக்கிவிடும். கொண்டைக்கடலைக்குப் பதிலாக சிவப்பு ராஜ்மா போடுபவர்கள் அதை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடாக விட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடுவது இதனால்தான் ஆபத்து.

நல்லா கழுவி வடிச்சுத்தான் போடறேன். பத்து நிமிஷத்துல அடியில தண்ணி நிக்குதே, ஏன்?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் அதிகம் வருகிறது. தண்ணீர் வரும் வழி மூன்று, மூன்றையும் தனித்தனியாக அடைக்க வேண்டும்.

முதலாவது கீரையில் ஒட்டியிருக்கும் தண்ணீர். வடிதட்டில் சாய்த்து வைத்தால் போதாது. சுத்தமான பருத்தித் துண்டில் கீரையைப் பரப்பி, சுருட்டி, முனையைப் பிடித்து நாலு உதறு உதறுங்கள். துண்டு நனையும், கீரை காயும். ஈரக் கீரையில் எண்ணெய் ஒட்டாது. டிரெஸ்ஸிங் வழுக்கிக்கொண்டு அடிக்குப் போய்விடும். இரண்டாவது வெள்ளரிக்காய், தக்காளி. உப்பு பட்டதும் செல்லில் உள்ள தண்ணீர் வெளியே இழுக்கப்படும், அது அதன் இயல்பு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட வேண்டும்: வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் சுரண்டி எறிந்து, நறுக்கி, அரை தேக்கரண்டி உப்பு போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். பிறகு கையால் பிழியுங்கள். கால் கப் தண்ணீர்கூட வரும். இப்படிச் செய்தால் டிரெஸ்ஸிங்கில் உப்பை அரை தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள்.

மூன்றாவது நேரம். கீரையில் புளிப்பும் உப்பும் பட்ட நிமிடத்திலிருந்து அது வாட ஆரம்பிக்கிறது. விருந்தாளி மேசையில் உட்கார்ந்த பிறகு கலக்குங்கள். கீரை சாலட்டுக்கு ஆளுக்கு 2 மேசைக்கரண்டி டிரெஸ்ஸிங் போதும், கேரட், செங்குவாங், முட்டைக்கோஸ் மாதிரி கடினக் காய் என்றால் 3. மிச்சத்தைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும்.

கரண்டியில தொட்டு நக்கிப் பார்த்தா பிரமாதம். சாலட்டுல ஊத்தினா சப்புன்னு இருக்கு.

கரண்டியில் ருசி பார்ப்பதுதான் தப்பு. ஒரு கீரையையும் ஒரு துண்டு செங்குவாங்கையும் தோய்த்துத் தின்று பாருங்கள். காய்க்கு உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. டிரெஸ்ஸிங் அதற்கும் சேர்த்துச் சுமக்க வேண்டும். தனியாகச் சாப்பிடும்போது முகம் லேசாகச் சுளிக்கிற அளவுக்கு இருந்தால்தான் காயோடு சரியாக இருக்கும்.

பழ டிரெஸ்ஸிங்கில் எல்லோரும் முதலில் கூட்டுவது சீனி. வேண்டாம். சப்பென்று இருந்தால் முதலில் ஒரு சிட்டிகை உப்பு, பிறகு அரை மேசைக்கரண்டி லிமாவ், பிறகுதான் காரம். இந்த வரிசையில் போனால் சீனி டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்காது. பழம் தினத்துக்கு ஒரு மாதிரி இருக்கும் என்பதால் மேலே கொடுத்த அளவில் லிமாவ் மட்டும் ஒரு கரண்டி கூடலாம், குறையலாம்.

ஆலிவ் எண்ணெய் நல்லதுன்னு ஊத்தினேன், ஒரே கசப்பு. எண்ணெய் கெட்டுப்போச்சா?

எண்ணெய் நன்றாகத்தான் இருக்கும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயில் இயற்கையாகவே கசப்புப் பொருள்கள் உண்டு. பிளெண்டர் வேகத்தில் அடித்தால் எண்ணெய் மிகச் சிறிய துளிகளாக உடைந்து, அந்தக் கசப்பு தூக்கலாகத் தெரியும். அந்த எண்ணெய்தான் வேண்டும் என்றால் மற்றதை அரைத்துப் போத்தலில் ஊற்றி, எண்ணெயை விட்டு மூடி குலுக்குங்கள்.

சூரியகாந்தி, கடலை எண்ணெய் பழ வாசனையை மறைக்காது. நல்லெண்ணெய் என்றால் 3 கரண்டியில் 1 கரண்டி மட்டும், புளி சேர்த்த டிரெஸ்ஸிங்குக்கு அருமையாகப் பொருந்தும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பிரிட்ஜில் வைத்து எடுத்தால் மெழுகுத் துணுக்கு மாதிரி நாக்கில் படும். எண்ணெயே வேண்டாம் என்பவர்கள் வறுத்த நிலக்கடலை அல்லது எள் 2 மேசைக்கரண்டி சேர்த்து அரைக்கலாம். கொழுப்பை அறவே விட்டுவிட வேண்டாம். கேரட், கீரையிலுள்ள கரோட்டீனை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

அன்னாசியையும் தயிரையும் சேர்த்து அரைச்சேன். ராத்திரி நல்லா இருந்துச்சு, காலையில கசந்து தண்ணியாப் போச்சு.

வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். தயிரிலுள்ள பால் புரதம் வெட்டுப்பட்டால் கெட்டித்தன்மை போகும், வெட்டுப்பட்ட துண்டுகள் கசக்கும். பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் இதே வேலையைச் செய்யும். மாம்பழத்தில் இந்தத் தொல்லை இல்லை.

தீர்வு சுலபம்: சூடு. 200 கிராம் அன்னாசியைப் பொடியாக நறுக்கி, அதன் சாற்றிலேயே 5 நிமிடம் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறிய பிறகு தயிர் சேருங்கள். நொதி செத்துவிடும். டின் அன்னாசி ஏற்கனவே சூடு கண்டது, அப்படியே போடலாம். தயிர் இல்லாத டிரெஸ்ஸிங் என்றால் பச்சையாகவே அரைக்கலாம். எம்டி2 வகை இனிப்பு கூடுதல், அதற்கு லிமாவ் கூட்டுங்கள். மோரிஸ் புளிப்பு, அதற்குக் குறையுங்கள். அன்னாசிக்குக் கெட்டித்தன்மை போதாது என்பதால் வறுத்த நிலக்கடலை ஒரு மேசைக்கரண்டி சேர்த்து அரைப்பது நல்லது.

பப்பாளி விதையையும் அரைக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. மிளகும் கடுகும் கலந்த மாதிரி காரமாக இருக்கும். மாம்பழத்துக்குப் பதில் பழுத்த பப்பாளி 200 கிராம் போட்டு அரைத்துவிட்டு, கழுவிய விதை 2 தேக்கரண்டியைக் கடைசியில் சேர்த்து, பிளெண்டரை மூன்று நான்கு தடவை விட்டு விட்டுத் தட்டுங்கள். கருப்புப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும், மாவாகக்கூடாது. மாவானால் கசக்கும். சிலி பாடி வேண்டியதில்லை. பப்பாளிக்குப் புளிப்பே கிடையாது, அதனால் லிமாவ் 4 மேசைக்கரண்டி. கர்ப்பிணிகளுக்கு விதை போடாமல் தனியாக எடுத்துவையுங்கள்.

மார்க்கிசா, கொய்யா விதையும் அப்படித்தானா?

இல்லை. மார்க்கிசாவின் (பேஷன் ஃப்ரூட்) சதையைச் சல்லடையில் கரண்டியால் தேய்த்துச் சாறு எடுங்கள், ஒரு தேக்கரண்டி விதையை மட்டும் அழகுக்குத் திரும்பப் போடலாம். அது ஏற்கனவே நல்ல புளிப்பு, லிமாவ் ஒரு கரண்டி போதும். கொய்யா விதை அரைத்தால் பல்லில் மணல் மாதிரி நெருடும். இளஞ்சிவப்புக் கொய்யாவை அரைத்து வடிகட்டியே ஆக வேண்டும். கொய்யாவில் பெக்டின் அதிகம் என்பதால் பிரிட்ஜில் ஜெல்லி மாதிரி இறுகும். பயப்பட வேண்டாம், லிமாவ் சாறு ஒரு கரண்டி விட்டுக் குலுக்கினால் இளகிவிடும்.

விரதத்துக்குச் சுத்த சைவமா இருக்கணும். கடையில வாங்கறதுல எதுல மாட்டிக்குவோம்?

முதல் ஆள் ரோஜாக் சாஸ். அந்தக் கருப்பு நிறமும் மணமும் ஹேய்கோ என்ற இறால் விழுதால் வருவது. பெலாச்சானும் இறால்தான். வோர்செஸ்டர் சாஸில் பொதுவாக நெத்திலி இருக்கும். மயோனிசில் முட்டை. சில தயிர் வகைகளில் கெட்டிக்காக ஜெலட்டின் சேர்ப்பார்கள். பார்மசான் சீஸ் கன்றின் வயிற்று நொதியான ரென்னட் போட்டுச் செய்வது. பொட்டலத்தின் பின்பக்கம் படிக்காமல் எதையும் கூடையில் போடாதீர்கள்.

ரோஜாக் ருசி வேண்டும் என்றால் வீட்டிலேயே: கெட்டிப் புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி, சீவிய குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) 2 மேசைக்கரண்டி, கெட்டிக் கிச்சாப் (சோயா சாஸ்) 1 மேசைக்கரண்டி, மசித்த தாவ்ச்சோ (புளிக்கவைத்த சோயா விழுது) 1 தேக்கரண்டி, சிலி பாடி ஒன்று. குலா மெலாக்கா கரையும் வரை சூடாக்கி ஆறவைத்து, பொடியாக நறுக்கிய அன்னாசி 3 மேசைக்கரண்டி சேருங்கள். தாவ்ச்சோவின் புளித்த வாசனை ஹேய்கோ இல்லாத குறையை முக்கால்வாசி தீர்க்கும்.

ஒன்பது பேரரசர் திருவிழாச் சமயத்தில் சீன நண்பர்களையும் அழைப்பதாக இருந்தால் இன்னொன்று: அவர்களது சைவத்தில் வெங்காயம், பூண்டு, குச்சாய் (பூண்டு வாசனையுள்ள தாள்) கிடையாது. மேலே உள்ள எந்த அளவிலும் பூண்டு இல்லை, அதனால் நிம்மதியாகப் பரிமாறலாம். வெங்காயம் நறுக்கிய பலகையை மட்டும் மாற்றுங்கள்.

தவ்கே பச்சையா போடலாம்தானே? ருசியே அதுலதானே லா.

தவ்கே, அதாவது பயறு முளை, சத்துதான், ஆனால் முளை வரும் அதே ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் பிடிக்கும், கழுவினால் முழுக்கப் போகாது. கொதிக்கும் நீரில் 30 விநாடி போட்டு எடுத்து ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மொறுமொறுப்பு பெரும்பாலும் நிற்கும். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகளுக்கு நன்றாகவே வேகவைத்துப் போடுங்கள்.

ஆபீசுக்குக் காலையில கட்டிக் கொண்டு போனா மதியம் வரைக்கும் தாங்குமா?

அடுக்குவதில் இருக்கிறது. உயரமான போத்தலில் அடியில் டிரெஸ்ஸிங் 3 மேசைக்கரண்டி, அதன் மேல் கொண்டைக்கடலையும் கேரட்டும், பிறகு செங்குவாங், பிழிந்த வெள்ளரி, மேலே காய்ந்த கீரை. நிலக்கடலை, தெம்பே தனிப் பொட்டலத்தில். சாப்பிடும்போது கவிழ்த்துக் குலுக்கினால் போதும்.

நம் ஊர் வெப்பத்தில் வெட்டிய பழமும் வேகவைத்த கடலையும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் காரில் என்றால் 1 மணி நேரம். அலுவலகத்தில் பிரிட்ஜ் இல்லையென்றால் ஐஸ் கட்டி வைத்த பையில் கொண்டு போங்கள். வீட்டு பிரிட்ஜில் மாம்பழ டிரெஸ்ஸிங் 3 நாள் நிற்கும், தயிர் சேர்த்தது 2 நாள், தேங்காய்ப்பால் சேர்த்தது அன்றன்றைக்கு. அரைக்கும்போது தண்ணீர் விட்டிருந்தால் ருசியும் நீர்க்கும், பிரிந்தும் போகும்.

எனக்கு இனிப்பு நீர் இருக்கு. பழ டிரெஸ்ஸிங் ஆகாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் மாம்பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை. 200 கிராம் போட்டு 280 மில்லி செய்தால், 2 மேசைக்கரண்டியில் 3 கிராம் அளவுக்குத்தான் வரும். சீனி, தேன், குலா மெலாக்கா சேர்க்காத வரை பெரிய சுமை இல்லை. ஆறு கரண்டி ஊற்றினால் கணக்கு மாறும். இன்னும் குறைக்க, பாதிப் பழத்துக்குப் பதில் மாங்காய் போடுங்கள், லிமாவையும் பாதியாக்குங்கள். கடைப் போத்தல் வாங்குபவர்கள் சர்க்கரையின் அளவு எத்தனை கரண்டிக்கு என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

ஈப்போ பொமேலோ, பெலிம்பிங் எல்லாம் போடலாமா? அப்பா மருந்து சாப்பிடறாரு.

பொமேலோ (பம்பளிமாஸ்) உரித்துப் போட்டால் இந்த சாலட் எங்கேயோ போய்விடும், ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கள். அதிலுள்ள சில பொருள்கள் குடலில் மருந்தை உடைக்கும் நொதியை முடக்குகின்றன. சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், உறுப்பு மாற்று செய்தவர்களின் மருந்துகள் இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும். மாத்திரை காலையில், பழம் மாலையில் என்று பிரித்தாலும் தப்ப முடியாது. மருந்தாளரிடம் மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெலிம்பிங் (நட்சத்திரப்பழம்) இன்னும் கண்டிப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் ஒரு துண்டுகூடச் சாப்பிடக்கூடாது. அதிலுள்ள காரம்பாக்சினை அவர்கள் உடம்பால் வெளியேற்ற முடியாமல் நரம்பைத் தாக்கும்; விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். பல பேர் வரும் விருந்தில் யாருக்கு என்ன என்று தெரியாது. நாங்கள் பெலிம்பிங்கைப் போடுவதே இல்லை.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு 50 பேர். எல்லாத்தையும் பெருக்கிட்டா சரியா?

எல்லாவற்றையும் அல்ல. மற்ற சாப்பாடும் இருப்பதால் ஆளுக்கு 100 கிராம் காய் வீதம் 5 கிலோ, டிரெஸ்ஸிங் 1.4 லிட்டர். முதல் பதிலில் உள்ள அளவின் 5 மடங்கு: மாம்பழச் சதை 1 கிலோ, எண்ணெய் 15 மேசைக்கரண்டி. ஆனால் சிலி பாடி, இஞ்சி இரண்டையும் 3 மடங்கில் நிறுத்துங்கள், குழந்தைகளும் சாப்பிடுவார்கள். லிமாவை 4 மடங்கு போட்டு, கீரையில் தோய்த்துப் பார்த்து மிச்சத்தை விடுங்கள். 50 லிமாவ் பிழிவது பெரிய வேலை. முந்தின நாள் இரவே பிழிந்து பிரிட்ஜில் வைக்கலாம். டிரெஸ்ஸிங்கும் முந்தின நாளே அரைக்கலாம்.

இவ்வளவு பேருக்குக் கீரை வேண்டாம், முட்டைக்கோஸும் செங்குவாங்கும் அடித்தளமாக இருக்கட்டும், வாடாது. முழுவதையும் ஒரே அண்டாவில் கலக்காமல் 10 பேருக்கு ஒரு தட்டு என்று கலந்து வெளியே அனுப்புங்கள். தட்டுக்கு 280 மில்லி டிரெஸ்ஸிங், மேலே கடலை. அடுத்த தட்டுக்கான காய் அதுவரை பிரிட்ஜில் இருக்கட்டும். பிரிட்ஜில் பலகாரத் தட்டுகளே நிறைந்து இடம் இல்லை என்றால், ஐஸ் போட்ட குளிர்பெட்டி ஒன்றைக் காய்க்கு மட்டும் ஒதுக்குங்கள். குடிபானம் எடுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் பெட்டியில் வைக்காதீர்கள்.